குடோன் இறங்குகிறதா? செயற்கைக்கோள் ராடார் அறிக்கை: 5-க்கு 3

கழுகுமலைக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே, கரிசல் காட்டில் எங்கள் வத்தல் குடோன். சுவரில் கோணல் விரிசல். பக்கத்துக் காட்டில் போர் போட்டுத் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் தரை இறங்குகிறது என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். சண்டைக்குப் போகுமுன் அளந்து பார்ப்போம் என்று, செயற்கைக்கோள் ராடார் படங்களை வைத்துக் கணக்கிட்டுத் தரும் ஒரு கம்பெனியிடம் அறிக்கை வாங்கினோம்.

முதல் பக்கத்தில் 'ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர்' என்று கொட்டை எழுத்தில் ஒரு சராசரி. கரிசலுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. ஐப்பசி மழையில் உப்பி, சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற மண் இது. பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் கால வரைபடம். அதுவோ முதலில் தட்டையாக வந்தது! காரணம் இதுதான்: ஓர் இடம் அசையாது என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து மற்றவை எவ்வளவு நகர்ந்தன என்றுதான் இந்த முறை சொல்லும். அவர்கள் எடுத்ததோ இதே கரிசலில் நிற்கும் இன்னொரு கட்டடம். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். கழுகுமலைப் பாறையை வைத்துப் போடுங்கள் என்றேன். 8-ஆம் நூற்றாண்டில் வெட்டுவான் கோயிலைச் செதுக்கிய பாறை எங்கே போய்விடும்? மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள், கூடுதல் காசும் கேட்கவில்லை.

புது வரைபடத்தில் குடோன் மழைக்கு ஏறி, கோடைக்கு இறங்கி, அலை அலையாகப் போகிறது. நிலத்தடி நீர் வற்றித் தரை அமுங்கியிருந்தால் கோடு வருஷா வருஷம் கீழேயே போயிருக்கும். அண்ணன் போர்வெல் பேச்சை விட்டுவிட்டார். அஸ்திவாரத்தைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டுகிறோம்.

குறைகளும் உண்டு. பருத்திக் காட்டுக்கும் சிவப்பு, பச்சை என்று வர்ணம் பூசியிருக்கிறார்கள். பயிர் வளர வளர, செயற்கைக்கோள் அனுப்பும் 5.6 செ.மீ. நீள ராடார் அலைக்கு முந்தைய படத்தோடு ஒட்டு விட்டுப்போகும். சுவர், கூரை, பாறை மேல் விழும் புள்ளிகளை மட்டும் நம்புங்கள். இந்தப் படங்களை எடுக்கும் ஐரோப்பிய ராடார் செயற்கைக்கோள் சென்டினல்-1, அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். அதற்குள் 1.4 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் கணக்கு தடுமாறும். அடைமழைக் கரிசல் அப்படிச் செய்யக்கூடியதுதான். அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. படங்கள் இலவசமாகக் கிடைப்பவை என்று தெரிந்தபிறகு கட்டணமும் கொஞ்சம் உறுத்துகிறது.

2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் என்ற நாசா-இஸ்ரோ ராடார் செயற்கைக்கோளில் 24 செ.மீ. அலை இருக்கிறது. செடிகொடிக்குள் அது இன்னும் நன்றாக நுழையும். அந்தப் படங்களில் செய்து தந்தால், விலையையும் குறைத்தால், காட்டுக்கும் சேர்த்து இன்னொன்று வாங்குவேன்.