‘ஸ்ட்ரட் போயிருச்சு’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

காரின் முன்பக்கத்தில் ‘டக் டக்’ சத்தம் என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போகப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போட்ட பில்லில் இருந்தவை: முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோடு சேர்ந்து சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) இரண்டு, மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையை வண்டி உடம்போடு பிடிக்கும் ரப்பர் தாங்கி), ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்ட்ரட்டைச் சுழலவிடும் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுக்க அமுங்கும்போது இடி தாங்கும் மெத்தை), டஸ்ட் கவர், லேபர், வீல் அலைன்மென்ட். இதில் உண்மையில் வண்டிக்குள் போனது ஸ்ட்ரட் இரண்டு மட்டும்தான். அவையும் தேவையே இல்லாதவை. சத்தம் அப்படியே இருந்தது.

அது எப்படிப்பட்ட சத்தம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விடையே அதில்தான் இருந்தது. வேகத்தடையில் நேராக, இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் சத்தமே வராது. மெதுவாகப் போகும்போது ஒரு சக்கரம் மட்டும் சின்னக் குழியில் இறங்கினால் உடனே ‘டக் டக்’. இதை சூப்பர்வைசரிடம் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடிக்கச் சொல்லி, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “பாருங்க சார், ஆயில் அடிச்சிருக்கு, ரெண்டு ஸ்ட்ரட்டும் போயிருச்சு, இப்படியே ஓட்டினா ஆபத்து” என்றார். வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை, ராம்பில் ஏற்றவில்லை. ஆபத்து என்ற பிறகு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற எவரும் சரி என்றுதான் சொல்வார்கள், அந்தச் சொல்லை அவர்கள் சும்மா போடுவதில்லை.

வேலை முடிந்து வண்டி வந்தது. முதல் குழியிலேயே அதே டக் டக். போனில் கேட்டால், “புதுசு சார், செட் ஆகணும், கொஞ்சம் ஓடட்டும்.” ஸ்பிரிங் மாற்றினால் உயரம் கொஞ்சம் படிந்து இறங்கும் என்பது உண்மை, ஆனால் இரும்பும் இரும்பும் தட்டுகிற சத்தம் ஓட ஓடச் சரியாகிப் போவதை யாராவது பார்த்திருக்கிறார்களா? போதாக்குறைக்குப் புதிதாக ஒன்று சேர்ந்தது: நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மேலே எங்கோ ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் உதறுகிறது. ஸ்டியரிங்கும் நேராக நிற்கவில்லை, நேர் ரோட்டில் போக அதை ஒரு பக்கம் சாய்த்தே பிடிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். சின்ன ஷெட்தான். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கேட்டதுமே, “ஒரு சக்கரம் மட்டும் இறங்கினா வருதா? அப்போ லிங்க் ராடா இருக்கலாம்” என்றார். வண்டி ஒரு பக்கம் சாயாமல் இருக்க இரண்டு சக்கரத்தையும் இணைத்துக் குறுக்கே ஒரு ஸ்டெபிலைசர் பார் ஓடும், அதன் இரு முனைகளிலும் இருப்பதுதான் இந்த லிங்க் ராட். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் பாருக்கு வேலை இல்லை, ஒன்று மட்டும் ஏறி இறங்கும்போதுதான் அது முறுக்கிக்கொள்ளும், தேய்ந்துபோன ஜாயிண்ட் அப்போதுதான் தட்டும். ராம்பில் ஏற்றி லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டினார். லொடலொட. அதோடு நிறுத்தவில்லை, இரண்டு பக்கமும் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டிக் காட்டினார், சத்தம் சுத்தமாக இல்லை. இதற்குப் பெயர்தான் சோதனை. ஸ்ட்ரட்டுக்கு ஆன செலவோடு வைத்துப் பார்த்தால் லிங்க் ராட் விலை ஒன்றுமே இல்லை.

பழைய ஸ்ட்ரட்டில் இருந்த ஆயிலின் படம் என் போனில் இருந்தது, அதையும் அவரிடம் காட்டினேன். மேலே தூசி ஒட்டிய மெல்லிய படலம்தான். ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் ராட் மேலும் கீழும் போய்வரும்போது சீல் காய்ந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் ஆயில் கூடவே வரத்தான் செய்யும், அது கசிவு இல்லை. கசிந்தால் ஸ்ட்ரட் உடம்பெல்லாம் ஈரமாகிக் கீழே வரைக்கும் வழிந்திருக்கும். டயரும் அலை அலையாகத் தேயவில்லை, பிரேக் அடித்தால் முன்பக்கம் அதிகமாகக் குத்தியதும் இல்லை. வண்டியின் மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கிற சோதனையை மட்டும் நம்ப வேண்டாம் என்றும் சொன்னார், பாதி தேய்ந்த ஸ்ட்ரட்கூட அதில் பாஸ் ஆகிவிடுமாம்.

‘டொய்ங்’ சத்தத்துக்காக ஸ்ட்ரட்டைப் பிரித்தபோதுதான் மீதி வெளியே வந்தது. மவுண்ட் பழையது, ரப்பரில் வெடிப்பு. பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது. பம்ப் ஸ்டாப் கையில் எடுத்ததும் பழைய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. ஒரு பக்கம் ஸ்பிரிங்கின் முனை கீழ்த்தட்டில் அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் உட்காரவே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது இன்னொன்றைப் பார்த்துத்தான்: புது ஸ்ட்ரட்டின் பளபளப்பான ராடில் பிளையரின் பல் தடம். மேல் நட்டை முறுக்கும்போது ராடும் சேர்ந்து சுற்றும், சுற்றாமல் இருக்க அதன் தலையில் சாவி போட்டுப் பிடிக்க வேண்டும். அதற்குப் பதில் ராடையே பிளையரால் கவ்வியிருக்கிறார்கள். அந்தக் கீறல் சீலுக்குள் போய்வரப் போய்வர சீல் கிழியும். அந்த ஸ்ட்ரட் இப்போதே ஈரமாகிவிட்டது, இது உண்மையான கசிவு. (ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் அந்த மேல் நட்டில் யாரும் கை வைக்காதீர்கள், ஸ்பிரிங் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.)

பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பழைய மவுண்ட்டைக் காட்டுங்கள் என்றேன். “ஸ்கிராப்புக்குப் போயிருச்சு.” அதுதான் இன்னும் என் வண்டியில் இருக்கிறதே என்று படத்தைக் காட்டியதும் பேச்சு ஸ்டோர் ஆள் மேல் போனது. அலைன்மென்ட் செய்ததற்கு மெஷின் பிரிண்ட் கேட்டேன், பேப்பர் தீர்ந்துவிட்டதாம்! கசிகிற ஸ்ட்ரட்டுக்கு வாரண்டி இருக்கிறது, கம்பெனியிடம் கேளுங்கள் என்கிறார்கள். பல் தடம் விழுந்த ராடை எந்தக் கம்பெனி ஏற்கும்?

ஆகவே கேட்க வேண்டியதை வண்டியைக் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். சத்தத்தை உங்களோடு உட்கார்ந்து ஓட்டிக் கேட்கட்டும். எந்த பாகம் ஆடுகிறது என்று ராம்பில் காட்டட்டும். மாற்றிய பழைய சாமான் எல்லாம் டிக்கியில் வர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். முன்சக்கரத்தில் ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாற வாய்ப்பு உண்டு, வேலைக்கு முன்னும் வேலைக்குப் பின்னும் எடுத்த அளவு இரண்டும் இருக்கிற பிரிண்ட் இல்லாமல் அலைன்மென்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

படங்களோடு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். மவுண்ட், பேரிங் பணத்தைத் திருப்பித் தருவதாக வாயால் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. ஸ்ட்ரட் விஷயத்தில் பதிலே இல்லை. வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.