பத்து நாள் லீவு, ஒரு தேயிலைப் பாதை: யுன்னான் பக்கமா, சிச்சுவான் பக்கமா?

சீனாவின் ‘தேயிலை-குதிரைப் பாதை’ என்றால் ஏதோ ஒரே சாலை, இந்த முனையில் ஏறினால் அந்த முனையில் இறங்கலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. திபெத்துக்குத் தேயிலை ஏறிய மலைப்பாதைகள் நிறைய, அவற்றில் பெரியவை இரண்டு: தெற்கே யுன்னான் மாகாணத்திலிருந்து ஒன்று, கிழக்கே சிச்சுவான் மாகாணத்திலிருந்து ஒன்று, இரண்டும் சாம்தோ என்ற ஊரில் சேர்ந்து லாசா போகும். சீன மொழியில் ‘சாமா கூதாவ்’ என்ற அந்தப் பெயர்கூடப் புதுசுதான், 1990 வாக்கில் இந்தப் பாதைகளில் நடந்துபார்த்த ஆறு ஆய்வாளர்கள் வைத்தது. கோவேறு கழுதை ஓட்டியவர்களிடம் போய் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் முழித்திருப்பார்கள்.

இந்தியர்களுக்குச் சீனச் சுற்றுலா விசா மறுபடி கிடைக்கத் தொடங்கியதிலிருந்து ‘எந்தப் பக்கம் போகலாம்’ என்று என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் யுன்னான், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். காரணம் இருக்கிறது. கீழே சீஷுவாங்பன்னாவில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த, பெரிய இலைத் தேயிலை மரங்கள். செடி இல்லை, மரம். நீலகிரியிலும் வால்பாறையிலும் இடுப்பளவுக்குக் கவ்வாத்து பண்ணிப் பாய் விரித்தமாதிரி நிற்கும் தேயிலையைப் பார்த்த கண்ணுக்கு, அது காட்டுக்குள் மற்ற மரங்களோடு மரமாக நிற்பதைப் பார்ப்பதே ஒரு அனுபவம். ஜிங்மாய் மலையில் பிளாங், தாய் இன மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் அப்படிப்பட்ட தேயிலைக் காடுகள் 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. (இந்தத் தாய் மக்கள் தாய்லாந்துக்காரர்களுக்கு ஒன்றுவிட்ட உறவுமுறை, குழம்ப வேண்டாம்.)

இங்கே விளைவதுதான் பூ-அர் தேயிலை. ஆவி காட்டி அழுத்தி 357 கிராம் வட்டு, ஏழு வட்டு சேர்த்து மூங்கில் மட்டையில் ஒரு கட்டு, அதுதான் கழுதை முதுகில் ஏறியது. மாதக்கணக்கில் மழையும் வெயிலும் பட்டுப் போகிற வழியிலேயே புளித்து ருசி மாறியது என்பார்கள். அந்த முதிர்ச்சியை வேகமாகக் கொண்டுவர ஈரக் குவியலில் போட்டுப் புளிக்கவைக்கும் முறையை 1973இல் குன்மிங் ஆலையில்தான் தேற்றினார்கள். அதனால் கடையில் ‘பழுத்த பூ-அர்’ என்று கருப்பாகத் தருவது நம்மில் பலரின் வயதுதான். இன்னொரு வட்டு வகை, பச்சையாக வைத்து ஆண்டுக்கணக்கில் தானாக முதிர விடுவது, அதுதான் பழையது, அதில்தான் ஏமாற்றும் அதிகம். 2007இல் பூ-அர் விலை பலூன்மாதிரி ஊதி வெடித்தது. இப்போதும் லீஜியாங் கடைவீதியில் ‘முந்நூறு வருட மரத்து இலை’ என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நடந்துவிடுங்கள்.

லீஜியாங் அழகுதான், 1997இலேயே யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற ஊர், ஆனால் கூட்டம் தாங்காது. எனக்கு அதைவிட ஷாஷி பிடிக்கும். தாலி நகருக்கும் லீஜியாங்குக்கும் நடுவில் சின்ன ஊர், கோயில் எதிரே நாடக மேடையோடு கூடிய சந்தைத் திடல், வணிகக் கூட்டங்கள் இறங்கித் தங்கிய சத்திரங்கள் எல்லாம் பெரிதும் கலையாமல் இருக்கின்றன. அழியும் நிலையில் உள்ள நினைவிடங்கள் என்று உலக நினைவுச்சின்ன நிதியம் 2001இல் அறிவித்த பட்டியலில் இந்தத் திடலும் இருந்தது, அப்புறம்தான் சுவிஸ் நிபுணர்கள் வந்து கைகொடுத்தார்கள்.

குடிக்கிற விஷயத்தில் யுன்னானை அடிக்க முடியாது. தாலி நகரில் பாய் இன மக்கள் விருந்தாளிக்கு மூன்று சுற்று தேநீர் தருவார்கள். முதல் சுற்றுக்கு இலையைச் சின்ன மண்குடுவையில் போட்டுத் தணலில் குலுக்கிக் குலுக்கி வறுத்து, வாசம் கிளம்பியதும் கொதிநீரை ஊற்றுவார்கள், நாம் சூடான எண்ணெயில் கடுகு போட்டதுபோல ‘சடசட’ என்று சத்தம் வரும். அது கசப்புச் சுற்று. இரண்டாவதில் பாலாடைச் சுருள், அக்ரூட் சீவல், வெல்லம். மூன்றாவதில் தேன், இஞ்சி, நாக்கை மரக்கவைக்கும் சிச்சுவான் மிளகு. லீஜியாங்கின் நாஷி மக்கள் கொதிக்கும் டீயைச் சாராயக் கோப்பையில் ஊற்றிச் சளிக்கு மருந்து என்று குடிப்பார்கள். நான் சிபாரிசு செய்யவில்லை, சொல்லிவைத்தேன்.

சரி, சிச்சுவான். அழகில் தோற்கும், ருசியிலும் தோற்கும். ஆனாலும் கதை இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

அன்று சீனாவை ஆண்ட சோங் அரசுக்குப் போர்க்குதிரை வேண்டும், வடக்கு மேய்ச்சல் நிலம் கையில் இல்லை. திபெத்தியர்களிடம் குதிரை உண்டு, இறைச்சியும் வெண்ணெயும் வாற்கோதுமை மாவும் தின்கிற உடம்புக்குத் தேயிலை வேண்டும். 1074இல் இதற்கென்றே சிச்சுவானில் தேயிலை-குதிரை அலுவலகம் திறந்துவிட்டார்கள். யா-ஆன் பக்கத்து மெங்திங் மலையில் துளிர்மொட்டாகக் கிள்ளிய இலை பேரரசருக்குக் காணிக்கையாகக் கிழக்கே போனது. அதே மாவட்டத்தில் அரிவாளால் அறுத்த முற்றல் இலையும் காம்பும் கட்டியாக அழுத்தப்பட்டு மேற்கே திபெத்துக்குப் போனது. கேட்க ஓரவஞ்சனையாக இருக்கும். ஆனால் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைகிற டீக்குத் துளிர் இலை தாங்காது, முற்றல்தான் நிற்கும். நம்ம டீக்கடை பாய்லருக்கு டஸ்ட் டீதானே சரிப்படும், அதுமாதிரி.

யா-ஆனிலிருந்து திபெத்தியர் வாழும் காங்டிங் ஊர் வரை 200 கிலோமீட்டருக்கு மேல். அந்தச் செங்குத்தில் மனிதர்களே சுமந்தார்கள், ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும். 1908 ஜூலையில் எர்னஸ்ட் வில்சன் என்ற தாவர சேகரிப்பாளர் வழியில் இரண்டு பேரைப் படம் எடுத்தார். தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் அடுக்கு. ஒருவர் சுமை 317 பவுண்டு, மற்றவர் சுமை 298 பவுண்டு என்று குறித்திருக்கிறார், அதாவது 144 கிலோ, 135 கிலோ. அவ்வளவு பாரத்தோடு உட்கார்ந்தால் எழ முடியாது. அதனால் கையில் T வடிவ ஊன்றுகோல், அதைப் பின்னால் பொதிக்கு அடியில் முட்டுக்கொடுத்து நின்றபடியே மூச்சு வாங்குவார்கள். நம் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைக் கையோடு தூக்கிக்கொண்டு போனதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் ஏழு காலடிக்கு ஒரு நிறுத்தம், இறக்கத்தில் எட்டுக்கு, சமதளத்தில் பதினொன்றுக்கு என்று கணக்கு இருந்ததாகச் சொல்வார்கள். ஊன்றுகோலின் இரும்பு முனை குத்திக் குத்திப் பாறையில் விழுந்த குழிகள் இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. யுன்னான் முழுக்கத் தேடினாலும் அந்தக் குழிக்கு ஈடாக எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

காங்டிங்கில் பொதி கைமாறும். ‘குவோஜுவாங்’ என்ற சத்திரங்களை நடத்தியவர்களே தரகர், மொழிபெயர்ப்பாளர், கிடங்குக்காரர் எல்லாம். மூங்கில் கட்டைப் பிரித்துப் பச்சைத் தோலில் வைத்துத் தைப்பார்கள், காய்ந்ததும் கல்போல இறுகிவிடும், அப்புறம் யாக் மாட்டின் முதுகு.

தூரத்தைப் பாருங்கள், அங்கேதான் என் தீர்ப்பு. யுன்னானில் மரத்திலிருந்து திபெத்திய அடுப்பு வரை பார்க்க ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். ரயில் வந்துவிட்டது என்பது உண்மை: குன்மிங்கிலிருந்து சீஷுவாங்பன்னாவுக்கு 2021 டிசம்பரில், லீஜியாங்கிலிருந்து ஷாங்ரிலாவுக்கு 2023 நவம்பரில். இருந்தாலும் பத்து நாளில் ஓட்டமாக ஓடவேண்டும். சிச்சுவானில் காலையில் மெங்திங் தோட்டம், மாலையில் காங்டிங்கில் வெண்ணெய்த் தேநீர். 2018 கடைசியில் திறந்த விரைவுச்சாலை, சுமைக்காரர்களை வாட்டிய அர்லாங் மலையைப் பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்தில் கடந்துவிடுகிறது. கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகத்தான் இருக்கும். முழங்கால் நன்றாக இருந்தால் பழைய பாதையில் ஒரு நாளாவது நடந்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் லாசா வரை போகத் திபெத் அனுமதிச் சீட்டு வேண்டும். காங்டிங், லிதாங், ஷாங்ரிலா எல்லாம் திபெத்தியர் வாழும் ஊர்கள்தான், ஆனால் திபெத் தன்னாட்சிப் பகுதிக்கு வெளியே, அதனால் பொதுவாக அந்தச் சீட்டு தேவையில்லை. உயரம் மட்டும் விளையாட்டில்லை. காங்டிங் 2,500 மீட்டர், அதைத் தாண்டினால் செதுவோ கணவாய் 4,298, லிதாங் 4,000 தொடும். ஷாங்ரிலா 3,300க்குள். தலைவலி வருகிற ஆளாக இருந்தால் யுன்னானே மேல்.

தேயிலைக்காகவே போகிறவர் யுன்னான் போங்கள், பாதைக்காகப் போகிறவர் சிச்சுவான். என்னைக் கேட்டால் சிச்சுவான், நாலு நாள் மிச்சமிருந்தால் ஷாஷி.

கிளம்புமுன் ஒன்று: வெண்ணெய்த் தேநீர் உங்களுக்கு இறங்குமா என்று கர்நாடகத்தில் பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்பிலேயே பார்த்துவிடலாம். நான் அங்கேதான் முதலில் குடித்தேன். மரக்குழாயில் கடைவார்கள் என்று ஆசையாக எட்டிப் பார்த்தால், மிக்ஸியில் ‘விர்ர்’. டீ என்று வாயில் வைத்தால் அதிர்ச்சி, உப்புக் கஞ்சியில் நெய் மிதக்கிறது என்று நினைத்தால் இரண்டாவது வாய்க்கே பழகிவிடும். ஆனால் கோப்பையைக் காலி செய்யாதீர்கள், ஒவ்வொரு வாய்க்கும் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் நிறைந்த கோப்பையை அப்படியே வைத்திருந்து, எழும்போது குடித்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு இது ஐந்தாவது கோப்பைக்கு அப்புறம்தான் தெரிந்தது.