வேண்டாத கிரிக்கெட் கார்டுகள்: விற்பதா, பிள்ளைகளுக்குக் கொடுப்பதா?

சங்கர் நகர் மைதானத்தில் 2016-ல் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்கள் நடந்தபோது திருநெல்வேலிப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் இன்னும் நெருக்கமானது. அப்போது சேர்த்த, ஆட்டக்காரர் படம் போட்ட கார்டுகள் பல வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கின்றன. வளர்ந்த பிள்ளைகள் தொடுவதே இல்லை.

ஆன்லைனில் விற்பதென்றால் முதலில் தரம் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நான்கு மூலையும் மழுங்காமல் இருக்கிறதா? ஓரத்தில் வெள்ளை தெரிகிறதா? நடுவில் மடிப்புக் கோடு உண்டா? பெரிய ஆட்டக்காரரின் ஆரம்பக் கால கார்டு, அசல் கையெழுத்துள்ளது, குறைவாக அச்சானது என்றால் தனியாக விற்கலாம். சாதாரண கார்டுக்குத் தபால் செலவே விலையைத் தாண்டிவிடும். மொத்தமாகத் தள்ளினால்தான் உண்டு.

பிள்ளைகளுக்குக் கொடுப்பது எளிது. டாப்ஸ் நிறுவனத்தின் கிரிக்கெட் அட்டாக்ஸ் விளையாடுவதற்கென்றே வந்த கார்டு. தெருப் பிள்ளைகளிடம் ஒரு கட்டு கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் பங்கு பிரித்து ஆட்டமே ஆடி முடித்திருப்பார்கள். அந்தச் சந்தோஷத்துக்காகவே நான் இந்தப் பக்கம்தான். நல்லதாக நாலைந்தை விற்க எடுத்து வையுங்கள், மீதியைக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், பழைய பேப்பர் கடைக்கு மட்டும் போட வேண்டாம். மினுமினுப்பான கார்டுகளில் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் மறுசுழற்சியில் காகிதத்தோடு சேர்ந்து கூழாகாது.