ஆயில் குடிக்கும் பைக்: ஊற்றி ஓட்டுவதா, வெளியே பிரிப்பதா, வாரண்டி கேட்பதா?

வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு நாள் காலை, பின்னால் வந்துகொண்டிருந்த பால்காரர் என் பக்கமாக வண்டியை அணைத்து, "தம்பி, சைலன்சர்ல நீலமா புகையுது, ஆயிலைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி வாங்கி ஏழு மாதம், ஓடியது 10,800 கிலோமீட்டர். ஓரமாக நிறுத்தி, என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியைக் கழற்றித் துடைத்தேன். என் வண்டியின் கையேட்டில் சொன்னபடி, திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுத்தேன். நுனி காய்ந்து கிடந்தது. அடுத்த சர்வீசுக்கு இன்னும் 1,200 கிலோமீட்டர் இருந்தது.

கேட்ட இடத்திலெல்லாம் வேறு வேறு யோசனை வந்தது. ஆயில் ஊற்றிக்கொண்டே ஓட்டு என்றார்கள். வெளியே கொடுத்து ரிங் மாற்று என்றார்கள். வாரண்டி கேள் என்றார்கள். புது என்ஜினே கேட்டு கேஸ் போடு என்றார்கள். நான்கையும் எடைபோட்டுப் பார்த்த பிறகு என் முடிவு இது: வாரண்டிக் காலத்தில் இருக்கும் வண்டிக்கு, ஆயில் குறையும் அளவை எழுத்தில் பதிய வைத்து வாரண்டி கேட்பதுதான் சரியான வழி. மற்ற மூன்றும் சில இடங்களில் கைகொடுக்கும். ஆனால் எந்த இடம் என்று தெரிந்து போக வேண்டும்.

அதற்கு முன், குறைவது உண்மையிலேயே என்ஜினின் குற்றம்தானா என்று பார்த்துவிட வேண்டும். சர்வீசில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றிவிட்டால், மிச்சம் பிரீதர் குழாய் (என்ஜின் மூச்சுவிடும் குழாய்) வழியாக ஏர் பில்டர் பெட்டிக்குப் போய்விடும். பார்க்கிறவருக்கு வண்டி ஆயில் குடிப்பது போலத் தெரியும். டிரெயின் நட்டின் வாஷர், கிளட்ச் பக்க மூடியின் கேஸ்கட், கியர் ராடு சீல் ஆகிய இடங்களில் ஒழுக்கு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். எங்கும் ஈரமில்லை, ஆயில் மட்டும் இறங்குகிறது என்றால் உள்ளே எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் குப்பென்று ஒரு புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல், அதாவது வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். முறுக்கும்போதெல்லாம் நீலமாக வந்துகொண்டே இருந்தால் ரிங்கையும் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) போரையும் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர்) சந்தேகப்பட வேண்டும். என்னுடையது இரண்டாவது வகை.

ஊற்றி ஊற்றி ஓட்டுவது

கையில் காசு கரையாத வழி போலத் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. பின்னால் அளந்தபோது என் வண்டி 1,000 கிலோமீட்டருக்கு 330 மில்லி இழுத்தது. சர்வீசில் ஊற்றுவது ஒரு லிட்டர். சர்வீஸ் இடைவெளி 3,000 கிலோமீட்டர். அதாவது நடுவில் ஒரு சொட்டும் சேர்க்காமல் விட்டால், அடுத்த சர்வீசுக்குப் போய்ச் சேரும்போது என்ஜினின் ஆயில் சேம்பரில் ஏறக்குறைய எதுவும் இருக்காது. ஒரு வாரம் பார்க்க மறந்தால், வெயிலில் ஒரு நீண்ட ஏற்றம் போதும், என்ஜின் சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகி நின்றுவிடும். அப்படி ஆன என்ஜினைக் கொண்டுபோனால், "ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள்" என்று நம் தலையிலேயே கட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் மறுத்துப் பேச நம்மிடம் எதுவும் இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் இருந்து வரும் பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. என்ஜின் ஆயிலில் சேர்க்கப்படும் பாஸ்பரஸ் எரிந்து அதன்மேல் படிந்தால், அது மெல்ல மெல்லச் செயலிழக்கும். ஆக்சிஜன் சென்சாரும் கரி பிடிக்கும். ஊற்றி ஓட்டுகிறவர் ஆயில் செலவை மட்டும் கணக்கில் வைக்கிறார். சைலன்சர் விலை பிறகுதான் வந்து நிற்கும்.

வாரண்டி முடிந்து பல வருடம் ஆன வண்டி, குறைவது மிகச் சிறிய அளவு என்றால் இந்த வழி நியாயம்தான். ஏழு மாத வண்டிக்கு இது கூடவே கூடாது.

வெளி மெக்கானிக்கிடம் பிரிப்பது

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் கைராசிக்காரர். பழைய வண்டிகள் எல்லாம் அவரிடம்தான். அவர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார்: கறுப்பாக, ஈரமாக, விரலில் ஆயில் ஒட்டியது. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார். பிறகு பிளக் ஓட்டையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். முள் நன்றாக ஏறியது. ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் ஏறினால் கசிவு ரிங் பக்கம் என்று அர்த்தம். ஏறாவிட்டால் வால்வ் பக்கம் பார்க்க வேண்டும். கால் மணி நேரத்தில் அவர் சொன்னது கடைசியில் சரியாகவே இருந்தது. நோயைக் கண்டுபிடிப்பதில் சர்வீஸ் சென்டரைவிட அவர் எவ்வளவோ மேல்.

"பிளாக்கை இறக்கி ரிங் போட்டா முடிஞ்சுது, ரெண்டு நாள் வேலை" என்றார். பிளாக் என்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பாகம். பழைய இரும்பு ஸ்லீவ் வண்டியாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். அவற்றில் போர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்து 0.25 மி.மீ. கூட்டிப் போர் போட்டு, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். மறுபடி தேய்ந்தால் 0.50. ஆனால் இப்போது வரும் பல வண்டிகளில் அலுமினிய பிளாக்கின் உள்ளே மெல்லிய கடினப் பூச்சுதான் இருக்கிறது. அதைக் கடைந்தால் பூச்சே போய்விடும். கீறல் விழுந்தால் பிளாக்கை மாற்றத்தான் வேண்டும். கீறிய போரில் புது ரிங் மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் புகை திரும்பி வரும்.

அதைவிடப் பெரிய தடை, வெளியே ஒருமுறை ஹெட்டை (என்ஜினின் மேல்மூடியை) திறந்துவிட்டால் வாரண்டி கேட்கும் வாயை நாமே அடைத்துக்கொள்கிறோம். "திறந்தது யார், என்ன செய்தார்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். வெளியே ஆயில் மாற்றினாலே வாரண்டி போய்விடும் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, தனியார் பட்டறைக்குப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. அந்தப் பட்டறையின் தவறான வேலையால் வந்த பழுதுக்கு மட்டும் மறுக்கலாம். அந்த உத்தரவு கார்களைப் பற்றியது, மேல்முறையீட்டுக்கும் போனது. பைக்குக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாதத்துக்கு வலுவான பிடி. ஆயில் மாற்றுவது வேறு, என்ஜினைப் பிரிப்பது வேறு. முதலாவதுக்கு பில் இருந்தால் சண்டை போடலாம். இரண்டாவதுக்குப் போட முடியாது.

இடையில் ஆயில் டப்பாவைப் பற்றி

கனமான ஆயில் ஊற்றினால் புகை குறையும் என்று ஒரு கைவைத்தியம் உண்டு. 10டபிள்யூ-30 கிரேடு கேட்கும் வண்டிக்கு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவார்கள். குறையும், உண்மை. கனமான ஆயில் ரிங்கைத் தாண்டி மேலே ஏறச் சிரமப்படும். ஆனால் நோய் அங்கேயே இருக்கிறது, அறிகுறி மட்டும் மறைகிறது. வாரண்டிக் காலம் சத்தமில்லாமல் கழிந்துபோகும். கையேட்டில் இல்லாத கிரேடு ஊற்றினார் என்று மறுக்க ஒரு காரணத்தையும் நாமே கொடுத்துவிடுகிறோம்.

கம்பெனி டப்பாவா, கடையில் கிடைக்கும் நல்ல பிராண்டா என்ற கேள்விக்கு, டப்பாவின் முன்பக்கப் பெயரைவிடப் பின்பக்கச் சிறு எழுத்துதான் முக்கியம். கியர் வண்டியில் கிளட்ச் தட்டுகள் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுவதால் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 தரம் வேண்டும். எம்பி என்று இருந்தால் அது உராய்வைக் குறைக்கும் வகை, ஸ்கூட்டருக்குச் சரி. கியர் வண்டியில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். எரிபொருள் மிச்சம் பிடிக்கும் கார் ஆயில்களும் அப்படித்தான். தரமும் கிரேடும் ஒத்துப்போனால் வெளி பிராண்ட் என்ஜினைக் கெடுக்காது. இருந்தாலும் வாரண்டி முடியும்வரை கம்பெனி சொன்ன டப்பாவையே வாங்குங்கள். விலை வித்தியாசத்தைவிட விவாதம் இல்லாமல் போவது பெரிது.

வாரண்டி கேட்பது

முதல் தடவை போனபோது சர்வீஸ் அட்வைசர் சொன்னது: "சார், புது வண்டி, ஆயில் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும்." வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினார். ஒரு லிட்டர் ஊற்றி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவையும் அதே பதில். அப்போதுதான் கேட்டேன்: "1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு குறையலாம்னு கம்பெனி வச்சிருக்கு? அதை எழுதிக் குடுங்க." அவர் எழுந்து உள்ளே போய் வொர்க்ஸ் மேனேஜரை அழைத்து வந்தார். அந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது.

ஜாப் கார்டில் 'ஆயில் குறைகிறது, முறுக்கும்போது நீலப் புகை' என்று என் வார்த்தையிலேயே எழுத வைத்தேன். பிறகு அளவுச் சோதனை. என்ஜினைச் சூடாக்கி, நிறுத்தி, பழைய ஆயிலைச் சரியாக 15 நிமிடம் வடியவிட்டார்கள். புது பில்டர் போட்டு, அளவுக் குவளையில் ஒரு லிட்டர் அளந்து ஊற்றினார்கள். டிரெயின் நட்டிலும் ஆயில் மூடியிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்தார்கள், நடுவில் யாரும் திறக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. மீட்டர் ரீடிங்கையும் நான் போட்டோ எடுத்துக்கொண்டேன். 500-ல் ஒருமுறை காட்டினேன். 1,000 முடிந்ததும் அதே சூட்டில், அதே 15 நிமிடம் வடியவிட்டு அளந்தார்கள். வடியவிடும் நேரம் இரண்டு முறையும் ஒன்றாக இருப்பது மிக முக்கியம். என்ஜின் சுவரில் ஒட்டி நிற்கும் ஆயிலின் அளவு நேரத்துக்கு ஏற்ப மாறும். குவளையில் வந்தது 670 மில்லி. அந்த ஆயிலில் கொஞ்சத்தை ஒரு சின்னப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி வைத்துக்கொண்டேன்.

பிறகு கம்பெனி எஞ்சினியர் வந்தார். அவர் முதலில் பார்த்தது ஏர் பில்டரை. அது கிழிந்திருந்தால் உள்ளே போன மண்ணால் போர் கீறியது என்று சொல்லி அங்கேயே முடித்திருப்பார். அடுத்து சர்வீஸ் ரெக்கார்டு: முதல் சர்வீஸ் கெடுவுக்குள் நடந்ததா, ஒன்றாவது தவறியதா என்று பார்த்தார். இரண்டிலும் குறை இல்லை. ஹெட்டைத் திறந்தார்கள். போரின் ஒரு பக்கத்தில் நகம் மாட்டும் அளவுக்கு நெடுக்கில் கோடுகள். பிளாக், பிஸ்டன், ரிங், வால்வ் சீல் நான்கையும் மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். பாகம் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை பஸ்ஸில் போனேன். மாற்று வண்டி தரவில்லை. ஆயிலும் கேஸ்கட்டும் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்று பில் போட்டார்கள். வாரண்டி வேலைக்காகவே மாற்றிய கேஸ்கட்டுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டதும் அதை எடுத்துவிட்டார்கள், ஆயிலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மாற்றிய பாகத்துக்குப் புதிதாக வாரண்டி தொடங்குவதில்லை. பெரும்பாலான கையேடுகளில் பழைய வாரண்டியின் மிச்சக் காலம்தான்.

புது என்ஜின், புது வண்டி, நுகர்வோர் ஆணையம்

முழு என்ஜினையே மாற்றித் தரச் சொல்லியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். கேட்கும் ஆசை நியாயமானது. ஆனால் என்ஜின் நம்பர் அடித்திருப்பது கீழே கிராங்க்கேசில். அதுவும் சேர்ந்து மாறினால் நம்பர் மாறும், ஆர்.சி.யில் திருத்த வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி என்ஜின் மாற்றத்தை ஆர்.டி.ஓ.விடம் தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். கீறல் பிளாக்கோடு நின்றுவிட்டால் இந்த அலைச்சல் எதற்கு? கிராங்க் பேரிங்கில் சத்தம், வடித்த ஆயிலில் இரும்புத்தூள் மினுக்கு, கிராங்க்கேஸ் வெடிப்பு என்று இருந்தால் மட்டும் முழு என்ஜினில் பிடிவாதமாக நில்லுங்கள்.

புது வண்டியே வேண்டும் என்பது இன்னும் கடினம். 2006-இல் மாருதி கார் தொடர்பான வழக்கில், பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் வாரண்டியின் கடமை, முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்கள் பாகம் மாற்றம், வண்டி நின்ற நாட்களின் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு என்று கேட்பது நடைமுறைக்கு ஏற்றது.

சர்வீஸ் சென்டர் எழுத்தில் மறுத்தாலோ, இரண்டு மூன்று முறை இழுத்தடித்தாலோ அந்தக் கதவைத் தட்டத் தயங்காதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்; பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆய்வகச் சோதனை தேவைப்படும் புகாரை 5 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடப்பில் கூடுதலாகும் என்று எதிர்பார்த்தே போங்கள். உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் நம் பக்கம்தான் விழும். அந்த இடத்தில் நீலப் புகை என்ற வாய்வார்த்தைக்கு எடை இல்லை. ஜாப் கார்டும், 670 மில்லி என்ற எண்ணும், அந்தச் சின்னப் பாட்டிலும்தான் பேசும்.

புது பிளாக் போட்ட பிறகு முதல் 500 கிலோமீட்டரை மறுபடியும் புது வண்டி போலவே ஓட்டினேன்: ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாமல், முழுதாக முறுக்காமல், அதேசமயம் ஒரேயடியாக உருட்டாமல் அவ்வப்போது கொஞ்சம் சுமை கொடுத்து. அப்போதுதான் ரிங் போரில் பதியும். ஞாயிறு காலை டிப்ஸ்டிக் பார்த்து நோட்டில் எழுதுவதை இன்னும் விடவில்லை. கடைசியாக எழுதியது: 16,200 கி.மீ., ஆயில் ஊற்றி 1,100 கி.மீ., மேல்கோட்டுக்கு அரை நூல் கீழே.