படுக்கையருகே எந்த நரம்பு? ஹார்ப், வீணை, கிண்ணம், கைத்தொலைபேசி

பஸ்ஸின் முன்பலகையில் ‘யாழ்’ என்று எழுதியிருக்கும் ஊரில் யாழைக் காண முடியாது. யாழ்ப்பாடி ஒருவன் வாசித்துப் பரிசாகப் பெற்ற மண் என்று கதை சொல்வோம். வாத்தியத்தைக் காட்டச் சொன்னால் வீணையைத்தான் காட்டுவோம். அதனால்தான் நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்த என் மருமகள் (தங்கையின் மகள்), யாழின் இனத்தைச் சேர்ந்த, 26 நரம்புகள் கொண்ட சிறிய ஹார்ப் ஒன்றைத் தோளில் சுமந்து இறங்கியபோது அயலட்டம் முழுவதும் எங்கள் விறாந்தையில் கூடிவிட்டது.

அவள் அதைக் கொண்டுவந்தது பெரியம்மாவுக்காக. இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து, படுக்கையில் இருந்தார். மாத்திரை வலியைத் தணித்தது. இரவு நித்திரை மட்டும் வரவில்லை. அந்த ஐந்து வாரங்களில் கையில் அகப்பட்ட ஒலியையெல்லாம் அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

இதில் எதுவும் எலும்பை ஒட்டவைக்காது. ஆனால் அச்சத்தையும் பதற்றத்தையும் இசை தணிக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 26 ஆய்வுகளை, 2,000க்கும் மேற்பட்ட நோயாளரை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டின் மீளாய்வு ஒன்று (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பினுடையது), சத்திரசிகிச்சைக்கு முன் இசை கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது என்கிறது. அவர்கள் கேட்டது நேரடி வாசிப்பை அல்ல, ஒலிப்பதிவை. ஆகவே கைத்தொலைபேசியை இளக்காரமாகப் பார்க்க எனக்கு உரிமையில்லை. செலவில்லாதது, நடுச்சாமத்திலும் கூப்பிட்டவுடன் பாடுவது. ஆனால் அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் கீழ்ச்சுரங்கள் வெளிவருவதில்லை. கண் செருகும் நேரம் பார்த்து நடுவில் சவர்க்கார விளம்பரம் வேறு.

ஹார்ப்பின் சிறப்பு அதன் எளிமை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். மீட்டிய பிறகும் அது ஒலித்துக்கொண்டே இருக்க, அடுத்தது அதன்மேல் வந்து படியும். மோகனம் போன்ற ஐந்து சுர ராகத்தில் எந்த நரம்பைத் தொட்டாலும் காதில் உறுத்தாது. மருமகள் இராகத்தைவிடப் பெரியம்மாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வெளியே போகும்போது ஒரு நரம்பு. மூச்சு நீண்டால் அடுத்ததையும் தள்ளிப்போட்டாள். ஒலிப்பதிவுக்கு இது ஒருநாளும் கைவராது. இரண்டாம் நாள் பெரியம்மாவின் கையை எடுத்து ஹார்ப்பின் ஒலிப்பலகைமேல் வைத்தாள். “பிள்ளை, உள்ளங்கைக்குள் வண்டு ஓடுகிறது” என்றார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

குறைகளும் உண்டு. பகல் வெக்கையில் கூட்டிய சுருதி இரவு எட்டு மணிக்கு நிற்கவில்லை. 26 நரம்பையும் மறுபடி முறுக்க வேண்டும். இன்னொன்று, பெரியம்மா தோடி ராகம் கேட்டார். ஹார்ப்பில் வீணையில் இருப்பதுபோல் விரல் வைத்து அழுத்தும் மெட்டுகள் இல்லை, நரம்பை மெட்டின்மேல் இழுத்து அசைக்க வழியில்லை. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் இல்லாத தோடி, உப்பில்லாத கூழ். “சுரம் எல்லாம் சரி, தோடியைத்தான் காணவில்லை” என்று அவரே சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம், மருதனார்மடத்தில் நுண்கலை படிக்கும் மாணவி ஒருத்தி வீணையோடு வந்தாள். அதைக் கேட்கும்வரை எனக்குத் தெரியாத கணக்கு ஒன்று அப்போதுதான் பிடிபட்டது. நோர்வேயின் ஓலாவ் ஸ்கில்லே 1980களில் வளர்த்த ஒலியதிர்வு முறையில், கட்டிலுக்குள் ஒலிபெருக்கி பொருத்தி 30 முதல் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரையான தாழ்ந்த அதிர்வை உடம்புக்கு நேரே கொடுப்பார்கள். மேடையில் வாசிக்கும் 47 நரம்புப் பெரிய ஹார்ப் 33 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். மருமகளின் சிறியது 131 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாது. வீணையோ, மூன்று கட்டைச் சுருதியில் அதன் மிகத் தாழ்ந்த நரம்பான அனுமந்தர பஞ்சமத்தை ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸில் தரும். காற்றில் அது மெல்லியதாகத்தான் வரும். வீணையின் குடத்தின்மேல் கை வைத்தால் முழங்கை வரை ஏறும். கட்டிலின் மரச்சட்டத்தோடு குடம் ஒட்டியிருக்கும்படி மாணவியை வாங்கில் இருத்தினோம். கட்டில் முழுவதும் முனகியது. தோடியும் வந்தது.

கிண்ணத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. நகரில் ஒரு மண்டபத்தில் இமயமலை உலோகக் கிண்ணங்களைத் தட்டி நடத்திய வகுப்புக்கு நான் மட்டும் போனேன். நெஞ்சில் வைத்துத் தட்டினால் அதிர்வு நன்றாகவே இறங்குகிறது. பிறகு பயிற்றுநர், 432 ஹெர்ட்ஸில் சுருதி வைத்தால்தான் குணம் என்று அதன் மகிமையைத் தொடங்கினார். பாடுபவரின் தொண்டைக்கேற்ப ஆதார சுரமான ஸட்ஜத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் இசையில் வளர்ந்தவர்களிடம் இதை விற்பது கடினம். நடுவில் மின்சாரம் போய்ப் பக்கத்துக் கடையின் ஜெனரேட்டர் உறுமியது. அதுவும் தாழ்ந்த அதிர்வுதான்.

ஸ்கில்லேயின் அதிர்வுக் கட்டிலை நாங்கள் முயலவில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் இரத்தக்கட்டு உள்ளவர்களும் அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களுக்கு இரத்தக்கட்டு அச்சம் உண்டு, ஆகவே வைத்தியரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகவேண்டாம். தவிலும் நாதஸ்வரமும் தவில் மேதை இணுவில் தட்சிணாமூர்த்தி பிறந்த மண்ணுக்குப் பெருமை, கட்டிலருகே அல்ல. நான்கு தெரு தள்ளிக் கேட்டால் பெரியம்மாவுக்கு அமிர்தம்.

யாழை நோய்ப்படுக்கைக்குக் கொண்டுவந்தது வெளிநாட்டுப் புதுமை என்று நினைக்க வேண்டாம். புறநானூற்றின் 281ஆம் பாட்டில், போரில் புண்பட்டுக் கிடப்பவனின் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, நறும்புகை எழுப்பி, மணியடித்து, யாழ் ஒலிக்க, பெண்கள் காஞ்சிப் பண் பாடிக் காவல் இருக்கிறார்கள். விபுலாநந்தர் ‘யாழ் நூல்’ எழுதி 1947இல் அரங்கேற்றியபோது மீட்க முயன்றது மறைந்துபோன அந்த வாத்தியத்தை. அந்தப் பாட்டில் என் கண் நிற்பது யாழில் அல்ல, விழித்திருக்கும் பெண்களில். மூச்சைப் பார்த்து வாசிக்க ஓர் ஆள் வேண்டும். ஹார்ப்பா வீணையா என்பது அதற்குப் பிறகுதான். இங்கே எனக்கு வீணை. கை பழகியவர்களும் நரம்பும் ஊரிலேயே கிடைக்கும்.

வாசிப்பவருக்கு ஒரு குறிப்பு: நிறுத்தப் பழகுங்கள். 2006இல் இத்தாலியின் பவியாவில் 24 பேரிடம் நடந்த ஆய்வில், இசைக்கு நடுவே விட்ட இரண்டு நிமிட மௌனத்தில்தான் இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் அதிகம் இறங்கின. பெரியம்மாவும் பாட்டு நடக்கையில் தாளம் போடுவார். இடைவெளியில் குறட்டை விடுவார்.

அழைப்பவருக்கு இன்னொன்று: மாணவிதானே என்று தேநீரும் பஸ் காசும் கொடுத்து அனுப்பாதீர்கள். கச்சேரிக்குக் கொடுப்பதுபோல் கட்டிலருகே வாசிப்பதற்கும் முன்கூட்டியே பேசிக் காசு கொடுங்கள்.