கிராம்ப்ஸ்: ஜன்னலுக்குள் ஜன்னல், அதற்குள் இன்னொரு ஜன்னல்

ஹார்ட் டிஸ்க் மாற்றிவிட்டு, குடும்ப வம்சாவளியைப் பதிந்துவைக்கும் மென்பொருளான கிராம்ப்ஸைத் திறந்தால் வம்சம் முழுக்க அப்படியே இருக்கிறது, படங்கள் மட்டும் காணோம். வைரஸும் இல்லை, பழுதும் இல்லை. இந்த மென்பொருள் படத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, கோப்பு கிடக்கும் பாதையை மட்டும்தான் குறித்துக்கொள்கிறது. டிரைவின் பெயர் மாறினால் பாதை அறுந்துவிடும். எல்லாப் படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டு, அதையே அடிப்படைப் பாதையாக அமைத்து, மீடியா மேனேஜர் கருவியில் முழுப் பாதைகளைச் சார்புப் பாதைகளாக (அந்தக் கோப்புறையிலிருந்து தொடங்கும் பாதைகளாக) மாற்றிவிட்டால் பிறகு இந்தத் தொல்லை இல்லை. காப்புப்பிரதி எடுக்கும்போதும் படங்களோடு சேர்த்துக் கட்டும் 'ஜிபிகேஜி' வடிவமே வேண்டும். தகவலை எழுத்தாக மட்டும் சேமிக்கும் வெறும் எக்ஸ்எம்எல் கோப்பில் படம் வராது.

இது ஒருமுறை சரிசெய்தால் தீர்ந்தது. தீராத எரிச்சல் வேறு: ஒரே ஒரு பிறந்த தேதியைச் சான்றோடு ஏற்ற, ஆளுக்கு ஒரு ஜன்னல், நிகழ்வுக்கு ஒன்று, மேற்கோளுக்கு (தகவல் எந்தச் சான்றில் எங்கே இருக்கிறது என்ற குறிப்புக்கு) ஒன்று, மூல ஆவணத்துக்கு ஒன்று, அது இருக்கும் காப்பகத்துக்கு இன்னொன்று. உள்ளேயிருந்து வெளியே வரும்வரை 'சரி' அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உள் ஜன்னலில் 'சரி' கொடுத்துவிட்டு வெளி ஜன்னலை ரத்து செய்தால், அந்த நிகழ்வு யாரோடும் ஒட்டாமல் அனாதையாகத் தங்கிவிடும். பயன்படாதவற்றை நீக்கும் கருவியை அவ்வப்போது ஓட்டாவிட்டால் குப்பை சேரும். மேற்கோளைக் கிளிப்போர்டில் போட்டு அடுத்தவர் மேல் இழுத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். அதை முதல் நாளே சொல்லித்தர இந்த மென்பொருளுக்கு என்ன கேடு?

ஆனால் அந்த மேற்கோள் ஜன்னலில்தான் விஷயமே இருக்கிறது. அத்தை சொன்னதும் ஒரு மூலம், இறப்புப் பதிவேடும் ஒரு மூலம். ஒவ்வொரு மேற்கோளுக்கும் நம்பகத்தன்மை ஐந்து படிகளில். இரண்டும் முரண்பட்டால் ஒன்றை அழிக்க வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு பிறப்பு நிகழ்வுகளை வைத்துக்கொள்ளலாம்.

தேதிப் பெட்டி அதைவிட அருமை. 1931இல் 60 வயதில் இறந்தவர் என்று பதிவேடு சொன்னால் பிறப்பு 1870க்கும் 1871க்கும் இடையே, தரம் 'கணக்கிட்டது'. ஆனால் பழைய பதிவேடுகளில் 0, 5 என முடியும் வயதுகள் மிகுதி, ஏனென்றால் வயது சரியாகத் தெரியாதவர்கள் உத்தேசமாக அப்படி ஒரு எண்ணையே சொல்வார்கள். அந்த 60ஐ நம்பாமல் 1866 முதல் 1875 வரை என்று விரித்து, 'மதிப்பீடு' என்று குறிப்பதே நேர்மை. பெட்டிக்குப் புரியாத விதத்தில் எழுதினால் வெறும் உரையாக வைத்துக்கொள்ளும். வயதுக் கணக்குக்கும் வரிசைக்கும் அது உதவாது.

ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் தேடித்தரும் கருவியில் உள்ள சவுண்டெக்ஸ், அதாவது ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களைச் சேர்த்துப் பார்க்கும் முறை, ஆங்கில எழுத்துக்கு மட்டும்தான். தமிழில் பெயர் ஏற்றுபவர்கள் அதை அணைத்துவிட்டு, பெயரின் மற்ற எழுத்து வடிவங்களை 'பெயர்கள்' தாவலில் சேர்க்கலாம்.

நல்ல மென்பொருள், இலவசம், நாணயமானது. ஆனாலும், குடும்ப வரலாறு தொகுக்க இதை நிறுவலாமா என்று கேட்ட நண்பருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். முதலில் உறவினர்களின் குரலைப் பதிவு செய்யட்டும். பதிவேடு அடுத்த ஆண்டும் அலமாரியில் இருக்கும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புதிய பதிப்புக்கு மாறுமுன் எக்ஸ்எம்எல் பிரதி எடுத்துவிடுங்கள். தரவுத்தளம் ஒருமுறை மாற்றப்பட்டால் பழைய பதிப்பில் திறக்காது.