15 நிமிடம் காக்க வைத்த ஸ்கேன் சென்டர்

சிறுநீரகக் கல்லுக்காக சிடி ஸ்கேன் எடுக்கப் போனேன். கல்லோடு சேர்த்துக் கேட்காத ஒன்றும் வந்தது: அட்ரீனல் சுரப்பியில் 2.3 சென்டிமீட்டர் கட்டி. சிறுநீரகத்தின் தலையில் இப்படி ஒரு சுரப்பி உட்கார்ந்திருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

அந்த முதல் சென்டரின் ரிப்போர்ட்டில் மேலே ‘இடது’, கீழே முடிவில் ‘வலது’. கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான், கண்ணில் பட்டுவிட்டது. போன் செய்தால், “டைப்பிங் மிஸ்டேக் சார்” என்றார்கள், சர்வ சாதாரணமாக. கட்டியின் அடர்த்தி எவ்வளவு என்றும் ஒரு வரி இல்லை. ஹார்மோன் டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘அட்ரீனல் புரோட்டோகால்’ (அட்ரீனல் கட்டிக்கென்றே உள்ள ஸ்கேன் முறை) என்று எழுதி வேறு இடத்துக்கு அனுப்பினார். இந்த விமர்சனம் அந்த இரண்டாவது இடத்துக்கு.

முந்தின நாளே கூப்பிட்டு கிரியேட்டினின் அளவு (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த எண்), ஒவ்வாமை, சர்க்கரை மாத்திரை எல்லாம் கேட்டுக்கொண்டார்கள். முதலில் மருந்து ஏற்றாமல் ஒரு படம். கட்டியின் அடர்த்தி 18 ஹவுன்ஸ்ஃபீல்ட். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்று வைத்த அளவுகோல் இது. கட்டியில் கொழுப்பு கூடினால் எண் இறங்கும். முழுக்க ஒரே சீராக 10 அல்லது அதற்குக் கீழே இருந்திருந்தால் அடினோமா, அதாவது புற்றுநோய் அல்லாத சாதுவான கட்டி என்று அப்போதே எழுப்பி விட்டிருப்பார்களாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அப்புறம் கையில் ஊசி வழியாக கான்ட்ராஸ்ட், படத்தில் கட்டியைத் துலக்கிக் காட்டும் மருந்து. தொண்டையில் ஒரு சூடு, அது அப்படியே அடிவயிற்றுக்கு இறங்கியது. உடுப்பை நனைத்துவிட்டோமோ என்று தொட்டுக்கூடப் பார்த்தேன். “அப்படித்தான் தோணும், பயப்படாதீங்க” என்று டெக்னீஷியன் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மானம் தப்பியது. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் போனதும் ஒரு படம், சரியாக 15 நிமிடம் கழித்து இன்னொன்று. ஏறிய மருந்தை அடினோமா சீக்கிரம் வெளியே விட்டுவிடும் என்பதுதான் இந்தக் காத்திருப்பின் சூட்சுமம். நடுவில் வெளியே ஆட்கள் நின்றும், என்னை அவசரப்படுத்தவில்லை.

ரிப்போர்ட்டில் மூன்று படத்தின் அடர்த்தி எண்ணும் இருந்தன: மருந்துக்கு முன் 18, மருந்து ஏறியதும் 92, 15 நிமிடப் படத்தில் 44. வீட்டில் பேனா எடுத்துச் சரிபார்த்தேன். 92லிருந்து 44 போக 48. 92லிருந்து 18 போக 74. 48ஐ 74ஆல் வகுத்தால், ஏறிய மருந்தில் வெளியேறியது கிட்டத்தட்ட 65 சதவீதம். 60 தாண்டினால் அடினோமா பக்கம். அவர்கள் போட்ட கணக்கும் அதேதான். இடதும் இரண்டு இடத்திலும் இடதாகவே இருந்தது!

ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த எண்ணை மட்டும் நம்பி டாக்டர் என்னை விட்டுவிடவில்லை. ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற கட்டியும் சில சமயம் இதே மாதிரி மருந்தை வெளியே விட்டு ஏமாற்றுமாம். அதனால் அந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் மெட்டாநெஃப்ரின் ரத்தப் பரிசோதனை முன்னாலேயே ஆகியிருந்தது. இரவில் 1 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் விழுங்கி, காலையில் கார்ட்டிசால் பார்ப்பதும் (கட்டி அந்த ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறதா என்று அறிய) முடிந்திருந்தது.

ஐந்துக்கு நாலரை. அறை அநியாயக் குளிர், கேட்ட பிறகுதான் போர்வை வந்தது. கொடுத்த சிடி தட்டும் என் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. டாக்டரிடம் திறந்தது, அதனால் அரையோடு நிறுத்திக்கொள்கிறேன்.